வீட்டோடு வந்த பிள்ளை

வாடகை வீட்டை விட்டுப் போக நினைக்கிறவர் ஒரு மாதத்துக்கு முன்பு வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். கேட்டால் சின்னக் காரியம்தான். ஒரு வசனம் சொன்னால் முடிந்துவிடும். எங்கள் அம்மாவுக்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க வைகாசியில் தொடங்கி ஆனி கடைசி வரைக்கும் ஆனது.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். முன்னால் பெரிய வீடு. அதன் முதுகில் ஒட்டிக் கட்டிய இரண்டு அறையும் ஒரு குசினியும்தான் நாங்கள் இருந்த அனெக்ஸ். ரயில் போகும்போது குசினித் தட்டில் இருக்கும் கோப்பைகள் எல்லாம் சேர்ந்து கதைக்கத் தொடங்கும். பெரிய வீட்டில் வீட்டுக்கார அன்ரி தனியே இருந்தார். மகள் லண்டனில், மகன் கனடாவில். முதல் வருடத்துக்கு மட்டும் உடன்படிக்கை எழுதினார்கள். அந்த வருடம் முடிந்த பிறகு புதுப்பிக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. முதலாம் திகதி வாடகை கொடுத்தால் அந்த மாதம் எங்களுக்கு, அவ்வளவுதான். அன்ரி எந்த மாதமும் எங்களை எழும்பச் சொல்லலாம், நாங்களும் எந்த மாதமும் எழும்பிப் போகலாம். இதில் இரண்டாவது பாதி அப்பாவின் ஞாபகத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

அப்பா ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கி வைக்கும் யார்ட் ஒன்றில் எழுதுவினைஞர். பகல் முழுவதும் லொறிக்காரர்களோடு சத்தம் போட்டுவிட்டு வருவார், வீட்டு கேற்றுக்குள் நுழைந்ததும் குரல் பாதியாகிவிடும். அந்த அனெக்ஸ் கிடைத்த கதையை அவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். நாங்கள் ஏறி இறங்கிய அத்தனை வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தால் தரமாட்டோம் என்றுதான் சொன்னார்களாம். இந்த அன்ரி மட்டும், "பொம்பிளைப் பிள்ளை இருக்கோ?" என்று கேட்டு, ஓம் என்றதும் திறப்பைக் கையில் தந்தாராம். வசதியான எத்தனையோ பேர் வந்து பார்த்துப் போன வீடு அது என்பதையும் அப்பா சொல்லாமல் விடமாட்டார். இந்தக் கதையில் நாயகி நான் என்பதால் எனக்கும் அது மிகவும் பிடித்த கதை.

எனக்கு ஒன்பது வயது. அன்ரி பின் யன்னலைத் திறந்து "குஞ்சு!" என்று கூப்பிட்டால் நான் எங்கே இருந்தாலும் ஓடுவேன். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அது சாமியறையில் இருக்கும், பிரிட்ஜுக்குள் இருக்கும், சில வேளை அவர் தலையிலேயே இருக்கும். தலையில் இருந்தால் உடனே சொல்லிவிடாமல் கொஞ்ச நேரம் தேடுவதாக நடிப்பேன். லண்டனுக்கும் கனடாவுக்கும் போனில் அழைப்பு எடுத்துக் கொடுப்பது நான். பூ ஆய்வது நான், குத்துவிளக்கு துலக்குவது நான். சந்திக் கடையின் சிங்கள அய்யே என்னைக் கண்டதும் கேளாமலே பாணும் பால்மாவும் எடுத்து வைப்பார். பின்னேரங்களில் அன்ரி காலை நீட்டிக்கொண்டு நாடகம் பார்க்க, நான் கீழே இருந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி அதே நாடகத்தைப் பார்ப்பேன். "உன்ர கைதான் குஞ்சு மருந்து" என்பார். லண்டன் சொக்லேட் ஒன்று என் வாய்க்குள் வைப்பார். அவருடைய பின்கதவுத் திறப்பை ஒரு சிவப்பு றிபனில் கட்டி என் கழுத்தில் போட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டே நித்திரை கொள்வேன். அந்த வீட்டின் அரைவாசி எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

கணக்குக் கொப்பியை விரித்ததும் யன்னலில் குரல் கேட்கும். அம்மா என் கையிலிருந்து பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, "போயிட்டு வா" என்பார். வாய்தான் அப்படிச் சொல்லும், முகம் சொல்லாது. அம்மாவுக்கு எரிச்சல் என்று நான் முடிவு செய்திருந்தேன். எங்கள் வீட்டில் சொக்லேட்டும் இல்லை, பெரிய தொலைக்காட்சியும் இல்லை. பாவம், அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

ஒரு சனிக்கிழமை கனடாவிலிருந்து அன்ரியின் உறவினர்கள் வந்திருந்தார்கள். தேத்தண்ணீர்த் தட்டை நான்தான் கொண்டுபோனேன். ஒரு துளியும் சிந்தவில்லை. தடித்த காப்புகள் போட்ட ஒரு மாமி கோப்பையை எடுத்துக்கொண்டே என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பிள்ளை கிடைக்கிறது லேசோ? எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

அன்ரி சிரித்தார். "எடுக்கேல்லை. வீட்டோட வந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை உடனே அம்மாவிடம் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஓடிப் போனேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மாமியின் குரலில் கேள்வியையும் அன்ரியின் குரலில் பதிலையும் நடித்துக் காட்டினேன். அம்மாவின் கை நின்றது. திருப்பிச் சொல்லச் சொன்னார். முதல் தடவையை விட நன்றாகவே நடித்தேன். அம்மா எழும்பிப் போய்க் கை கழுவினார். அந்த மீன் வாடைக்குத் தேவையானதை விட நிறைய நேரம் கழுவினார்.

அப்பா வேலையால் வந்து சேட்டைக் கழற்றுவதற்குள், "நாங்கள் இந்த வீட்டை விடுறம்" என்றார் அம்மா.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். "என்ன குறை எண்டு சொல்லப் போறீர்? வந்த நாளில இருந்து வாடகை ஒரு சதம் கூட்டேல்லை அந்த மனுசி."

"அதுதான்" என்றார் அம்மா.

அப்பாவுக்கு அது விளங்கியது என்று நினைக்கிறேன். அவர் எழும்பிப் போய்ச் சேட்டைக் கழற்றிக் கொழுவினார். எனக்கு விளங்கவில்லை. வாடகை கூட்டாத ஒருவரை விட்டுப் போகிறவர்கள் பைத்தியக்காரர்கள் என்று மட்டும் தெரிந்தது.

அம்மா முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. அது அம்மாவின் பிழை. "விளக்கு வைக்கிற நாளில வீட்டை விட்டுப் போற கதை கதைக்கிறதோ பிள்ளை?" என்று அன்ரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அடுத்த தடவை அம்மா நாள் பார்த்துத்தான் போனார். அவர் தொண்டையைச் செருமியதும் அன்ரி என்னைக் கொண்டு லண்டனுக்கு அழைப்பு எடுப்பித்து, போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். அங்கே மகள் தழதழத்த குரலில் நன்றி சொல்லத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருப்பதால்தான் தன் அம்மாவை நினைத்துக் கவலைப்படாமல் வேலைக்குப் போய் வருகிறாராம். அப்படி நன்றி சொல்கிற ஒருவரிடம் நோட்டீஸ் கொடுக்க எந்த மனுசரால் முடியும்? அம்மா "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். என்னுடைய புகழ் லண்டன் வரைக்கும் போயிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் தடவை அம்மா கதவுக்குள் கால் வைக்கும் முன்பே வசனத்தைச் சொல்லிவிட்டார். அன்ரி பதறவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இண்டைக்குச் சொன்னால் ஒரு மாசம். அப்ப ஆடி. ஆடியில ஆரும் வீடு மாறுவினமோ?"

அன்ரி தாளைப் புரட்டினார். ஆடியில் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது, ஆவணியில் சொன்னால் போகும்போது புரட்டாதி, அந்த மாதத்தில் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். ஐப்பசியில் மகன் கனடாவிலிருந்து வந்து கார்த்திகை வரைக்கும் நிற்பான், வந்த இடத்தில் பின்வீடு பூட்டிக் கிடந்தால் அவன் மனம் நோகும். பிறகு மார்கழி, அதைச் சொல்லத் தேவையில்லை. அன்ரி ஒரு மாதத்தையும் விடவில்லை. அந்தக் கலண்டரின்படி நாங்கள் அந்த வீட்டை விட்டு எக்காலத்திலும் வெளியேற முடியாது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அன்ரியின் முழங்காலை அன்று கூடுதல் கவனமாகத் தேய்த்தேன்.

அம்மா வாயால் மல்லுக்கட்டுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அதன் பிறகு அன்ரியிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்ரியும் அது அடங்கிவிட்டதென்று நம்பினார். நானும் நம்பினேன். நான் பாடசாலைக்குப் போனதும் அம்மா ஒரு குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. வெள்ளவத்தை புரோக்கர்மார் சொன்ன வாடகைகள் அப்பாவின் சம்பளத்தைத் தாண்டிப் போயின. அம்மா மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் தேடத் தொடங்கினார். வெயிலில் நடந்து அவர் கால் வீங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனி முடியப் போகிற நேரத்தில் ஒரு நல்ல நாள், அம்மா என்னைப் பாடசாலைக்கு அனுப்பாமல் விடிய எழுப்பிக் குளிக்க வார்த்தார். ஒரு கூடைக்குள் புதுச் சட்டி, பால், மண்ணெண்ணெய் அடுப்பு, சாமிப் படம். உப்புப் போத்தலை என் மடியில் வைத்தார். பஸ்ஸில் இடித்தவர்களிடமிருந்து உப்பைக் காப்பாற்றுவது என் கடமை. கொட்டாஞ்சேனையில் இறங்கி ஒரு மின்சாரச் சாமான் கடைக்கு மேலே ஒடுங்கிய படிகளில் ஏறினோம். அறைகள் புதுப் பெயின்ட் மணத்தன. கீழே தெருவில் லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தன. வீட்டுக்கார முஸ்லிம் நானா வெள்ளைத் தொப்பி போட்ட வியாபாரி. படியேறி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"போறதுண்டா ஒரு மாசத்துக்கு முந்திச் செல்லுங்க. நானும் ஒங்களுக்கு அப்படித்தான் செல்லுவன்" என்றார். "சொல்லுங்க" என்பது அவர் வாயில் "செல்லுங்க" ஆகியிருந்தது. அவ்வளவுதான் அவர் கதைத்தது. எங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. அதனால் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அம்மா நிலத்தில் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினார். பொங்கி வழிந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்ணெண்ணெய்ப் புகை என்று நினைத்தேன். பால் பொங்கிவிட்டால் அந்த வீட்டுக்குக் குடிபுகுந்தாயிற்று. பிறகு கட்டிலும் அலுமாரியும் எந்த மாதத்தில் வந்தாலும் குற்றமில்லை, ஆடியானாலும் சரி. இது அன்ரிக்கும் தெரியும், வெள்ளவத்தை முழுவதற்கும் தெரியும். ஆனால் அனெக்ஸில் இருக்கிற ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாலைக் காய்ச்சிவிடுவாள் என்று அன்ரி நினைத்துப் பார்க்கவில்லை. முதல் மிடறை அம்மா எனக்குத் தந்தார். மிச்சப் பாலுக்குச் சீனி போட்டுச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி மூடினார். யாருக்கு என்று நான் கேட்டேன். "அயலுக்கு" என்றார்.

பஸ்ஸால் இறங்கி நேரே பெரிய வீட்டுக்குள் போனோம். அன்ரி காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் பழக்க தோசத்தில் கீழே இருந்து தைலப் போத்தலைத் திறந்தேன். அம்மா பாலை டம்ளரில் வார்த்து இரண்டு கையாலும் நீட்டினார். அன்ரி ஒரு மிடறு குடித்தார்.

"நல்ல ருசி. என்ன பிள்ளை விசேஷம்?"

"புது வீட்டுப் பால் அன்ரி. இண்டைக்குக் காலமை காய்ச்சினது. இண்டையில இருந்து ஒரு மாசம். ஆடி முடியிறதுக்குள்ள திறப்பைத் தந்திடுவம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அன்ரி டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். புதுமனைப் பாலைக் குடித்துவிட்டு வேண்டாம் என்று வைக்க முடியாது, பாதியில் வைப்பது அதை விட மோசம். மிச்சத்தையும் குடித்து முடித்தார். அதோடு நோட்டீஸ் கொடுத்தாயிற்று, வாங்கியும் ஆயிற்று.

பிறகுதான் அன்ரி தொடங்கினார். என்ன குறை என்று கேட்டார். மேல்மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, அதையும் எடுங்கோ என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும், இவருக்கு அங்கிருந்து வேலைக்குக் கிட்ட என்று ஒரே பதிலைச் சொன்னார். அன்ரி குனிந்து என் தலையைத் தடவினார்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. குஞ்சு இஞ்ச என்னோட இருக்கட்டும். பள்ளிக்கூடம் கிட்ட. சனி ஞாயிறு வந்து பாருங்கோவன். நான் என்ர பிள்ளை மாதிரி வைச்சிருப்பன்."

"நான் இருக்கிறன்" என்றேன் நான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்தேன், விழவில்லை.

"எழும்பு" என்றார். "எழும்பிக் கையைக் கழுவு."

தைலக் கையோடு எழும்பினேன். அம்மா என் கழுத்திலிருந்த றிபனைத் தலைக்கு மேலால் கழற்றி, திறப்பை வெறும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இவ எங்கட பிள்ளை அன்ரி. நாங்கள் போற இடத்துக்கு வருவா."

அன்ரியின் முகம் சிவந்துவிட்டது. "ஏன், நான் என்ன இவளை வேலைக்காரியாவோ வைச்சிருந்தனான்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே அன்ரி."

எனக்கு அன்ரியை நினைக்கப் பாவமாக இருந்தது. வேலைக்காரி என்றால் சம்பளம் வாங்குகிறவள். எனக்கு யாரும் சம்பளம் தரவில்லையே. இவ்வளவு நல்ல மனுசியை அம்மா நோகப்பண்ணிவிட்டார் என்று அன்றிரவு நான் சாப்பிடாமல் படுத்தேன்.

அந்த ஒரு மாதம் பின் யன்னல் திறக்கவில்லை. ஆடிப்பிறப்புக்கு அன்ரி கொழுக்கட்டையும் அனுப்பவில்லை, கூழும் அனுப்பவில்லை. என் கணக்குக் கொப்பி முதன்முதலாக நிறைந்தது. அதற்காக நான் சந்தோஷப்படவில்லை. அம்மாவோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டேன். அம்மா அதைக் கவனிக்காதது போல் சாமான்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். இடையில் ஆட்கள் அனெக்ஸைப் பார்க்க வந்தார்கள். அன்ரி வாசலில் நின்று அவர்களை விசாரிப்பது எங்கள் குசினிக்குக் கேட்கும். புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் வந்தார்கள், ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டரும் மனைவியும் வந்தார்கள். நல்ல வாடகை தருவதாகவும் சொன்னார்கள். அன்ரி யாருக்கும் சரி சொல்லவில்லை. என்னை மறக்க முடியாமல்தான் அனெக்ஸைச் சும்மா வைத்திருக்கிறார் என்று நினைத்து உருகினேன்.

ஆடி முடிய முதல் நாள் அப்பா யார்டிலிருந்து ஒரு லொறியைக் கேட்டு வாங்கி வந்தார். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ஓட்டோ வந்து நின்றது. மன்னாரிலிருந்து புதிதாக வந்த குடும்பமாம். ஆவணி பிறந்ததும் குடிவரப் போகிறவர்கள், வீட்டைக் கழுவ வந்திருந்தார்கள். தகப்பன், தாய், என் உயரத்தில் ஒரு பிள்ளை. அந்தத் தாய் எங்கள் அம்மாவிடம், "எத்தினை இடத்தில கேட்டுக் களைச்சுப் போனம் அக்கா. இந்த அன்ரிதான் பிள்ளை இருந்தால் நல்லம் எண்டு சொன்னவ" என்றார். அப்பா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அதை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

நான் பெரிய வீட்டுப் பக்கம் பார்த்தேன். யன்னல் திறந்திருந்தது. அன்ரி கண்ணாடியைத் தேடச் சொல்லி அந்தப் பிள்ளையை ஏவிக்கொண்டிருந்தார். அவள் விறாந்தையில் தேடினாள், பூச்சாடிகளுக்குள் தேடினாள். கண்ணாடி அன்ரியின் தலையில் இருந்தது. அவள் கழுத்தில் சிவப்பு றிபன் இருந்தது.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு பொறாமை எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. லொறியின் முன் ஆசனத்தில் ஏறி இருந்து விம்மி விம்மி அழுதேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். சாரதி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். அப்போது அம்மா, கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேற்றடியில் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா என்னவோ கதைத்தார். அந்தத் தாய் முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்ரி யன்னலால் எட்டிப் பார்த்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, கதைத்து முடித்துவிட்டுத்தான் வந்தார்.

ஏறி இருந்ததும், என்ன சொன்னீர்கள் என்று அழுகையோடு கேட்டேன். என் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "தண்ணி மோட்டர் எப்பிடிப் போடுறதெண்டு சொல்லிக் குடுத்தனான்" என்றார்.

அதை நான் அப்படியே நம்பினேன். லொறி நகர்ந்தபோது அதன் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மோட்டர் இருந்தது கிணற்றடியில், இடது பக்கம். அந்தத் தாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, வலது பக்கம் விறாந்தையில் நின்ற தன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா இவ்வளவு நேரம் மினக்கெட்டுச் சொல்லிக் கொடுத்தும் மோட்டர் எங்கே இருக்கிறது என்று அந்த மனுசிக்கு விளங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.